காம்பு நீண்ட பூ

மார்கழி மாதம் வாசல் கோலத்தில் பரங்கிப்பூ வைப்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எந்தப் பரங்கிப்பூவை வைப்பது என்பதுதான் இப்போது பலருக்குத் தெரிவதில்லை. "மஞ்சளா இருக்குமே சார், அதான்" என்று சமீபத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். மஞ்சள்தான். ஆனால் பரங்கிக் கொடியில் இரண்டு விதமான பூ பூக்கிறது. நீண்ட மெல்லிய காம்பில் தலைநிமிர்ந்து நிற்பது ஆண் பூ. குட்டைக் காம்பில், அடியில் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. கோலத்துக்குப் போவது ஆண் பூ மட்டும்தான். பெண் பூவைக் கிள்ளினால் ஒரு காயைக் கிள்ளிய கணக்கு.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அம்மா. எனக்கு எட்டு வயது இருக்கும். விடியுமுன்னே எழுப்பி, கையில் அரிக்கேன் விளக்கைக் கொடுத்துப் பின்கட்டுக்கு அனுப்புவார். "அடியில பிஞ்சு இருக்குதான்னு பாருடா. இருந்தா கைய வெக்காத. நெட்டக் காம்பா பார்த்துப் பறி" என்பார். அதிலும் எல்லாவற்றையும் பறிக்கக்கூடாது. நாலு பூத்திருந்தால் இரண்டு கொடிக்கு, இரண்டு வாசலுக்கு. தேனீ வர வேண்டாமா?

மழை மூட்டம் போட்டுத் தேனீயைக் காணாத நாளில் அம்மா தானே வருவார். பறித்த ஆண் பூவின் இதழ்களை மெல்ல விலக்கி, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் இரண்டு தடவை தொட்டு எடுப்பார். மஞ்சள் தூள் ஒட்டிக்கொள்ளும். பிறகுதான் அந்தப் பூ வாசலுக்குப் போகும். கோலத்தின் நடுவில் சாணி உருண்டையில் உட்கார்ந்திருக்கும் பூ, தோட்டத்தில் தன் வேலையை முடித்துவிட்டு வந்த பூ.

பரங்கிப்பூ விடியற்காலையில் விரியும். வெயில் ஏறினால் சுருண்டுவிடும். கோலமும் அந்த நேரக்காரிதான். ஆண் பூக்கள் முதலில் வரத் தொடங்கும்; எண்ணிக்கையிலும் பெண் பூவைவிடப் பல மடங்கு இருக்கும். ஆகவே கொடியிடம் மிச்சமாக இருப்பதைத்தான் நாம் அழகுக்கு எடுத்துக்கொண்டோம். புரட்டாசிக் கடைசியில் விதை ஊன்றினால், ஐப்பசி கார்த்திகை மழையில் கொடி ஓடி, மார்கழியில் பூவாய்ப் பூக்கும். மாதம் முழுக்க வாசலில் பூ வைக்க வேண்டும் என்றால் அதற்கு இரண்டு மாதம் முன்பே வீட்டில் ஒருவர் குழி வெட்டி எரு போட்டிருக்க வேண்டும். கோலம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் அந்தக் குழியில் என்றுதான் நான் சொல்வேன்.

மற்றப் பொருள்களையும் பாருங்கள். மாவு, நொய்யரிசியை ஊறவைத்து இடித்தது. எறும்பும் குருவியும் காலையிலேயே அதில் பாதியைக் காலி செய்துவிடும். சாணி, கொட்டகையில் நிற்கும் பசுவுடையது. பொழுது சாய்ந்தால் பூவோடு சேர்த்து அந்தச் சாணி உருண்டையை எடுத்துச் சுவரில் வறட்டியாகத் தட்டுவார்கள். முப்பது நாள் வறட்டியும் காய்ந்து, நடுவில் பழுப்பாய் ஒரு பூத் தடத்தோடு அடுக்கி இருக்கும். எங்கள் வீட்டில் பொங்கல் அடுப்பில் முதல் தீ அதில்தான். திருநெல்வேலிப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று வைத்து, அந்தப் பூவையும் சாணியையும் பெண் பிள்ளைகள் ஆற்றில் கொண்டு போய் விடுவார்கள். ஊருக்கு ஊர் வழி வேறு. பூவைக் குப்பையில் போடும் வழி மட்டும் எங்கேயும் இருந்ததில்லை.

எங்கள் வீட்டு அடுப்புச் சாம்பலுக்கும் வேலை இருந்தது. கத்தரிச் செடியில் அசுவினி விழுந்தால் அதிகாலைப் பனி ஈரத்தில் சாம்பலைத் தூவுவார் அம்மா. மிச்சச் சாம்பலில், முற்றிய பரங்கிப் பழத்தின் விதையைப் பிசறிக் காயவைத்து, சின்ன மண் கலயத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டிப் பரணில் வைப்பார். வண்டு அண்டாது. இந்த வருஷம் வாசலில் பூத்த பூவின் சாம்பலில் அடுத்த வருஷத்து விதை தூங்கும். வாசலில் போடும் கோலத்தில் கோடு சுற்றி வந்து தொடங்கிய புள்ளியிலேயே சேர வேண்டும் என்பார்களே, சிக்குக் கோலத்தில். வீட்டுக்குள்ளும் அப்படி ஒரு கோடு சுற்றிக்கொண்டிருந்தது.

சிக்குக் கோலத்தைப் படித்தவர்கள் சும்மா விடவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோரும் 1974-லேயே கோலத்தைக் கணினி இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் விஜயா நாகராஜன் கோலத்தைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகத்தின் தலைப்புக்கு 'ஆயிரம் உயிர்களுக்கு உணவிடல்' என்று பொருள். அந்தத் தலைப்பு எனக்குப் பிடித்தது. எறும்புக்குப் போட்ட மாவை மனத்தில் வைத்து வைத்த பெயர். புள்ளிக் கணக்கைக் கல்லூரிக்காரர்கள் பார்த்தார்கள், மாவை இவர் பார்த்தார். பூவுக்குப் பின்னால் இருக்கும் கொடியை யாராவது பார்க்க வேண்டும் என்பதால்தான் நான் இதை எழுதுகிறேன்.

பரங்கி என்ற பெயரிலேயே அது வெளியூர்க்காரன் என்று தெரிகிறது. கப்பலில் வந்த பரங்கியரோடு சேர்த்து நாம் வைத்த பெயர். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மிளகாய், தக்காளி வந்த அதே திசை. சாம்பல் பூசணி நம் பக்கத்துப் பழையது. அதன் பூவும் மஞ்சள்தான். பரங்கி வந்து ஐந்நூறு ஆண்டுக்குள்தான் இருக்கும். அதற்குள் மார்கழிக்கே சொந்தக்காரியாகிவிட்டாள். வந்தவர்களை வாசலில் உட்காரவைக்கும் பழக்கம் நமக்கு உண்டு.

இதைச் சொல்லும்போது இரும்பைக்காரர்களுக்குக் கடுவெளிச் சித்தர் கதை நினைவுக்கு வராமல் போகாது. சம்பந்தர் பாடிய மாகாளம் கோயில் நம் ஊரில் இருக்கிறது. சித்தர் இங்கே தவம் செய்தார். அவர் தவத்தின் வெம்மையில் மழை பொய்த்தது. அரசன் அவர் தவத்தைக் கலைக்க வள்ளி என்ற நாட்டியப் பெண்ணை அனுப்பினான். பின்னால் கோயிலில் அவள் ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்துப் பூட்டிவிட, கூட்டம் சிரித்தது. சித்தர் பாட, லிங்கம் வெடித்தது. இந்தப் பக்கம் புல்லும் முளைக்காமல் காய்ந்து போகட்டும் என்று சாபமிட்டார். பிறகு மனம் இரங்கி, தூர தேசத்திலிருந்து மனிதர்கள் வருவார்கள், அவர்களால் இந்த மண் மறுபடி பச்சையாகும் என்றார். செப்புத் தகடு சுற்றிய லிங்கத்தை இன்றும் பார்க்கலாம். நந்தவனத்தில் ஓர் ஆண்டி குயவனிடம் பல மாதம் கெஞ்சித் தோண்டி வாங்கி, கூத்தாடிப் போட்டுடைத்ததாகப் பாடியவரும் கடுவெளிச் சித்தர்தான் என்பார்கள். தோட்டம், ஆட்டம், உடைந்த மண்பாண்டம். சித்தர் பாட்டும் நம் ஊர்க் கதையும் ஒரே மாதிரி.

அறுபதுகளில் நம் ஊரைச் சுற்றி இருந்த செம்மண் பொட்டலை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழை பெய்தால் மண் கரைந்து சிவப்பாகக் கடலுக்கு ஓடும். அங்கங்கே ஆளுயர ஓடை அறுத்திருக்கும். 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி 124 நாட்டு இளைஞர்கள் பிடி மண் கொண்டு வந்து தாழியில் போட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். அதன் பிறகு அங்கே முதலில் நடந்த வேலை வரப்புப் போட்டு மழைத் தண்ணீரை நிறுத்தியதும் மரம் நட்டதும்தான். குழி வெட்டியவர்களிலும் தண்ணீர் தூக்கியவர்களிலும் நம் சுற்று வட்டாரத்துக்காரர்கள் ஏராளம். சாபம் தீர்ந்த கதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அப்படித் தூரத்திலிருந்து வந்தவர்களில் கிருஷ்ணா மெக்கென்சியை உங்களில் பலர் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் பிறந்தவர். ஆரோவில்லில் 'சாலிட்யூட்' என்ற பண்ணையைத் தொண்ணூறுகளிலிருந்து நடத்துகிறார். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' எழுதிய ஜப்பானியர் மசானொபு புகுவோகாவின் வழியில் உழாமல், மருந்தடிக்காமல் பயிர் செய்பவர். கிட்டார் வாசிப்பார், 'இமர்ஜென்ஸ்' என்று ஒரு இசைக்குழுவும் வைத்திருக்கிறார். கீரையையும் கிழங்கையும் பற்றித் தமிழிலேயே பேசுகிறார், பாடுகிறார். வேலியோரம் தானாக முளைத்ததைக் கையில் பிடித்துக்கொண்டு, இதை ஏன் சாப்பிடாமல் விட்டீர்கள் என்று அவர் நம்மைக் கேட்கும்போது சிரிப்பும் வரும், கொஞ்சம் உறைக்கவும் செய்யும். தோட்டத்திலிருந்து ஒரு பாட்டு வருவதைப் பார்த்து நம் பிள்ளைகள் வியக்கிறார்கள். நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் வியப்பில்லை. அந்தப் பாட்டைப் பாட ஆள் அங்கிருந்து வர வேண்டியிருந்ததே என்பதுதான்.

நம் ஊர் செம்மண். கிணற்றுத் தண்ணீரும் பரவாயில்லை. மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வீட்டுக் கதை வேறு. உப்பளத்துக்குப் பக்கத்துத் தெரு. தோண்டினால் உப்புத் தண்ணீர். கழுவெளிப் பக்கம் கோடையில் பூமியே வெள்ளை பூத்துக் கிடக்கும். அங்கே தோட்டம் போட முடியாது என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்கள். அக்கா கேட்கவில்லை. அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு மூட்டை செம்மண் கொண்டு போவாள். பஸ் கண்டக்டர் திட்டுவார். உடைந்த குடம், ஓட்டை அண்டா, பழைய உப்புச் சாக்கை நன்றாக அலசி அதில் என்று மண்ணை நிரப்பி, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிப் பரங்கியும் அவரையும் கூரைமேல் ஏற்றினாள்.

உப்பளத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வேலை நின்றுவிடும். பாத்தியெல்லாம் தண்ணீர். மறுபடி வரப்புக் கட்டிப் பாத்தி மிதிக்கத் தை மாதம் ஆகும். அதுவரை உப்பளத்துக் குடும்பங்களில் கூலி கிடையாது. கார்த்திகை மார்கழியில்தான் கூரைமேல் காய் இருக்கும். "தம்பி, அந்த ரெண்டு மாசம் எங்க தெருவுல பாதி வீட்டுக் கொழம்பு கூரமேலேருந்துதான் வரும்" என்று அக்கா சொல்வாள். எங்கள் வீட்டில் பெண் பூவைக் கிள்ளாதே என்பது சிக்கனம். அக்கா தெருவில் அது பட்டினி விஷயம். அந்தத் தெருவில்தான் மார்கழி முழுக்க ஒரு வாசல் விடாமல் பூ இருக்கும். கையில் காசு இல்லாத மாதத்தில் வாசல் இவ்வளவு நிறைவாக இருக்கும் விந்தையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பூ இல்லாத மார்கழியையும் பார்த்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. மார்கழி பாதி. பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்த அன்று பரங்கிக் கொடியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? மூன்றாம் நாள், தெருவில் மரக்கிளைகளை ஒதுக்கிக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் சின்னதாகக் கோலம் போட்டார்கள். சாணி உருண்டையில் பூவுக்குப் பதில் அறுகம்புல் மட்டும். அப்புறம் 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல். புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். கார்த்திகை நடுவில் வந்ததால் பூக்கத் தொடங்கிய கொடியெல்லாம் தண்ணீரில் நின்று அழுகிவிட்டது. அக்காவின் அண்டாச் செடிகள் மட்டும், உயரத்தில் இருந்ததால், இரண்டு பிழைத்தன. அந்த விதையில் வந்ததுதான் இப்போது என் வீட்டில் ஓடும் கொடி. அம்மா காலத்திலிருந்து எனக்குத் தெரிந்து அறுபது வருஷமாக அந்த விதை வெளியில் வாங்கப்படவில்லை. இரண்டு அண்டாவில் தப்பித்தது.

இனி கோலப் போட்டிக்கு வருகிறேன். போன தை மாதம் பக்கத்து ஊரில் நடந்தது. நடுவர் மூவரில் ஒருவனாக என்னையும் உட்காரவைத்தார்கள். முப்பத்தெட்டுக் கோலங்கள். பெண் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்கக் கண் விழித்து மயிலுக்கு ஒவ்வொரு இறகாக நிறம் கொடுத்திருந்தார்கள். 'இயற்கை விவசாயம் காப்போம்' என்று ஒரு கோலம், கலர்ப்பொடியில் டிராக்டர், தெர்மோகோலில் செய்த காய்கறி. பல கோலங்களில் பரங்கிப்பூவும் இருந்தது. கடையில் வாங்கியது. பாதிக்கு மேல் அடியில் பிஞ்சோடு இருந்தது. ஒரு கோலத்தில் மட்டும் ஒன்பது பிஞ்சை எண்ணினேன். அம்மா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

கடைசியில் ஒரு ஆயா. பதினைந்து புள்ளி, சிக்குக் கோலம், அரிசி மாவு, நிறம் கிடையாது. ஐந்து பூ. ஐந்தும் நெட்டைக் காம்பு.

"எங்க வாங்கினது ஆயா?" என்று தெரிந்தே கேட்டேன்.

"வாங்குவாங்களா சாமி இத? எங்கூட்டுக் கூரையில ஓடுது" என்றார்.

நான் அதற்குத்தான் முதல் பரிசு என்றேன். மற்ற இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. "கோடு கைநடுக்கத்துல வளைஞ்சிருக்கு பாருங்க சார். கருத்தும் இல்ல" என்றார்கள். கோடு வளைந்திருந்தது உண்மைதான். கருத்து இல்லை என்றதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அரை மணி நேரம் பேசிப் பார்த்தேன். இரண்டுக்கு ஒன்று. ஆயாவுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடைத்தது. அவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து ஐந்து பூவையும் சாணியோடு பொறுக்கி எடுத்தார். "கூட்டித் தள்ளிடுவாங்க. வறட்டி தட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மயில் கோலம் போட்ட பெண் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏன் தாத்தா எடுத்துட்டுப் போறாங்க?" என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். மறு வாரம் அவளும் அவள் அம்மாவும் விதை கேட்டு வந்தார்கள்.

சிமெண்ட் வாசல் வந்துவிட்டது, மாடு இல்லை, கூரை இல்லை, எல்லாம் போயிற்று என்று அழுவதற்காக இதை எழுதவில்லை. மாடி இருக்கிறது. அக்காவுக்கு இருந்தது ஓட்டை அண்டாவும் உப்புச் சாக்கும்தானே. செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன்.

புரட்டாசிக் கடைசியில், இரண்டு முழம் அகலத்துப் பை அல்லது பழைய டிரம்மில், அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மக்கின எருவும் சரிபாதி நிரப்புங்கள். மூன்று விதை ஊன்றி, வளர்ந்ததில் நல்லதாக ஒன்றை விடுங்கள். கொடியைக் கைப்பிடிச் சுவரிலோ பழைய மீன்வலையிலோ ஏற்றலாம். கார்த்திகைக் கடைசியில் ஆண் பூ வரும். பெண் பூ இன்னும் வரவில்லையே என்று பதற வேண்டாம், பின்னால் வரும். மாடியில் தேனீ குறைவு; காலை எட்டு மணிக்குள் ஆண் பூவால் பெண் பூவைத் தொட்டுவிடுங்கள்.

விதை எடுக்க நினைத்தால் இன்னொன்றும் வேண்டும். பக்கத்து வீட்டில் கடை விதைக் கொடி இருந்தால் மகரந்தம் கலந்து குணம் மாறிவிடும். மறுநாள் விரியப் போகும் ஆண் மொட்டு ஒன்று, பெண் மொட்டு ஒன்று, இரண்டின் நுனியையும் முதல் நாள் சாயங்காலமே நூலால் தளரக் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்துத் தொட்டு, பெண் பூவை மட்டும் மறுபடி கட்டுங்கள். அந்தக் காயின் காம்பில் ஒரு துணி முடிச்சுப் போட்டு, அதைக் கறிக்கு வெட்டாமல் கொடியிலேயே முற்றவிடுங்கள். பழத்தைப் பறித்து மூன்று வாரம் வைத்திருந்து, பிறகு விதையை எடுத்துக் கழுவி, நிழலில் காயவைத்துச் சாம்பலில் பிசறுங்கள். வறட்டிச் சாம்பல் இல்லாவிட்டால் அடுப்புச் சாம்பல் போதும்.

இந்த வருஷம் எனக்குத் துணி முடிச்சுப் போட்ட காய்கள் இரண்டு தேறின. ஒன்றின் விதை அக்காவுக்கும் ஆயாவுக்கும் போய்விட்டது. மற்றதில் நூற்று எழுபது சொச்சம் விதை இருக்கிறது. வீட்டுப் பக்கம் வந்தால் ஆளுக்கு மூன்று தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த தையில் மூன்றைத் திருப்பித் தர வேண்டும். பூவைப் பறிக்கும்போது அடியில் பார்த்துப் பறியுங்கள்.